வலையமைப்புப் போக்குவரத்துப் பகுப்பாய்வு மென்பொருள் தெரிவு

வலையமைப்புப் போக்குவரத்துப் பகுப்பாய்வு மென்பொருள் என்பது ஒரு கணினி வலையமைப்பின் ஊடாகச் செல்லும் தரவின் அளவு, அது புறப்படும் இடம், சேரும் இடம், பயன்படுத்தும் நெறிமுறை, செல்லும் நேரம் ஆகியவற்றை அளந்து, சேமித்து, அறிக்கையாகத் தரும் மென்பொருள் ஆகும். இணைப்பின் கொள்ளளவைத் திட்டமிடல், பழுது கண்டறிதல், ஊடுருவலை அறிதல், சட்டப்படியான பதிவுகளைப் பேணல் ஆகியவற்றுக்கு இது பயன்படுகின்றது.

வலையமைப்பு மெதுவாக இயங்குகிறது என்பதைப் பயனர் எவரும் உணர முடியும். அதை மெதுவாக்கிய கணினி எது, செயலி எது, நேரம் எது என்பதைப் பதிவுகளைக் கொண்டே கூற முடியும். எனவே இத்தகைய மென்பொருளின் மதிப்பு, நிகழ்வு முடிந்த பின்னர் எழும் கேள்விக்கு அது விடை தருகின்றதா என்பதில் தங்கியுள்ளது. திரையில் காட்டும் வரைபடங்களின் எண்ணிக்கை இரண்டாம் நிலையானதே. இம்மென்பொருளைத் தெரிவு செய்யும் முறை, தமிழ்நாட்டின் ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றது.

பின்னணி: ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில் வட்டாரம்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதன் வடமேற்கில், கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் அமைந்துள்ளது. 1971 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இங்கு அமைத்த தொழில் வளாகம் இவ்வூரின் வளர்ச்சிக்கு அடித்தளமாயிற்று. அசோக் லேலண்டு, டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இங்குள்ளன. 2020க்குப் பின்னர் ஏத்தர், ஓலா ஆகியவற்றின் மின்சார இருசக்கர வாகன ஆலைகளும், டாட்டா எலக்ட்ரானிக்சின் மின்னணு உதிரிப்பாக ஆலையும் இம்மாவட்டத்தில் இயங்கத் தொடங்கின. இப்பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம், அச்சு, வார்ப்பு, கடைசல் வேலை ஆகியவற்றை அளிக்கும் சிறு, நடுத்தரத் தொழிலகங்கள் இவற்றைச் சூழ அமைந்துள்ளன.

இத்தொழிலகங்களில் வலையமைப்பு என்பது அலுவலக வசதி மட்டுமன்று. சரக்கு வாயிலைக் கடப்பதும் அதைச் சார்ந்தே உள்ளது. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைக் கடக்க, சரக்கு மற்றும் சேவை வரி முறையின் கீழ் மின்வழிச் சீட்டு தேவைப்படுகின்றது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குச் செல்லும் சரக்குந்து சில கிலோமீட்டர் தொலைவே ஓடினாலும் அது மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தே ஆகும். 2023 ஆகத்து 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகங்கள் பிற வணிகங்களுக்கு விற்கும்போது மின் விலைப்பட்டியலும் பதிய வேண்டும். இணைப்பு நெரிசலுறும் வேளையில் கைபேசியைக் கொண்டு ஓரிரு சீட்டுகளை எடுத்துவிடலாம். தனது கணக்கு மென்பொருளிலிருந்து தொகுதியாக அனுப்பும் நிறுவனத்துக்கு அது போதாது. பொருள் ஆயத்தமாக இருந்தும் சரக்குந்து வாயிலில் நிற்கும்.

ஒரு சிறு வழங்குநரின் வலையமைப்புப் பழுது பெரிய ஆலையையே நிறுத்தக்கூடும் என்பதற்கு சப்பான் நாட்டில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். டொயோட்டாவுக்கு நெகிழிப் பாகங்கள் வழங்கும் கொசிமா நிறுவனம் கணினித் தாக்குதலுக்கு உள்ளானதால், 2022 மார்ச் 1 அன்று அந்நாட்டிலுள்ள டொயோட்டாவின் 14 ஆலைகளிலும் 28 உற்பத்தித் தொடர்கள் நிறுத்தப்பட்டன. தமிழ்நாட்டிலும், 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை எனும் பணயத் தீநிரல், சென்னையை அடுத்த ரெனோ–நிசான் ஆலையைப் பாதித்தது.

வரலாறு

வலையமைப்பை அளக்கும் கருவிகள் 1980களின் இறுதியில் பரவலாயின. 1988 ஆம் ஆண்டில் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை (எஸ்.என்.எம்.பி.) வரையறுக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் லாரன்சு பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் டி.சி.பி.டம்ப் எனும் பொதி பிடிக்கும் நிரல் எழுதப்பட்டது. 1995 ஆம் ஆண்டு தோபியாசு ஒத்திக்கர் உருவாக்கிய எம்.ஆர்.டி.ஜி., இணைப்பின் பயன்பாட்டை நாள், கிழமை, மாதம், ஆண்டு என நான்கு வரைபடங்களாகக் காட்டியது. இன்றுள்ள பல மென்பொருட்களின் அறிக்கை வடிவம் இதிலிருந்து வளர்ந்ததே.

1996 ஆம் ஆண்டளவில் சிசுகோ நிறுவனம் நெட்ஃபுளோ எனும் முறையைத் தனது திசைவிகளில் புகுத்தியது. 1998 ஆம் ஆண்டில் ஈத்தரியல் எனும் பொதிப் பகுப்பாய்வியும், என்டாப் எனும் போக்குவரத்து நோக்கியும் வெளிவந்தன. ஈத்தரியல் 2006 ஆம் ஆண்டில் வயர்சார்க் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2001 ஆம் ஆண்டில் எஸ்ஃபுளோ முறை வெளியிடப்பட்டது. நெட்ஃபுளோவின் 9 ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஐ.பி.ஃபிக்சு எனும் பொதுத் தரம் 2008 ஆம் ஆண்டில் உருவாகி, 2013 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1996 ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் எனும் பெயரில் தொடங்கப்பட்டு, 2009 ஆம் ஆண்டு முதல் சோகோ என வழங்கும் நிறுவனம், தொடக்க காலத்தில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருட்களையே உருவாக்கி வந்தது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு வெளியிடும் நெட்ஃபுளோ அனலைசர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உலகெங்கும் விற்கப்படும் போக்குவரத்துப் பகுப்பாய்வு மென்பொருள் ஆகும்.

அளக்கும் முறைகள்

மென்பொருட்களின் பெயர்கள் பலவாயினும், அவை தரவைப் பெறும் வழிகள் நான்கே.

* எண்ணி வினவல்: ரவுட்டர் எனப்படும் திசைவியும் மேலாண்மை வசதியுள்ள சுவிட்சும் தமது ஒவ்வொரு இடைமுகத்திலும் கடந்த பைட்டுகளை எண்ணி வைத்திருக்கும். மென்பொருள் எஸ்.என்.எம்.பி. வழியாக, பொதுவாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அவ்வெண்ணை வினவும். எவ்வளவு என்பது தெரியும். எவர் என்பது தெரியாது.
* ஓட்டப் பதிவு: நெட்ஃபுளோ, எஸ்ஃபுளோ, ஐ.பி.ஃபிக்சு ஆகியவை இவ்வகையின. எவர் எவருடன், எந்தத் துறை எண்ணில், எவ்வளவு தரவைப் பரிமாறினர் என்பது தெரியும். பரிமாறிய உள்ளடக்கம் தெரியாது.
* பொதி பிடித்தல்: கடந்து செல்லும் பொதிகளை முழுமையாகப் படியெடுத்தல். வயர்சார்க், டி.சி.பி.டம்ப் ஆகியவை இவ்வகையின. மிக நுட்பமானது, சேமிப்பிடம் மிகுதியாகத் தேவைப்படும்.
* நிகழ்வுப் பதிவுகள்: ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர், பதிலி வழங்கி, பெயர் வழங்கி ஆகியவை எழுதும் பதிவுகளைத் தொகுத்தல். பயனர் பெயர், இணையத்தளப் பெயர் ஆகியவை இவற்றிலேயே கிடைக்கும்.

தொலைபேசிக் கட்டண விவரப் பட்டியலை ஓட்டப் பதிவுக்கு ஒப்பிடலாம். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், கால அளவு ஆகியவை அப்பட்டியலில் இருக்கும், உரையாடல் இராது. மூல முகவரி, இலக்கு முகவரி, மூலத் துறை எண், இலக்குத் துறை எண், நெறிமுறை, சேவை வகை, உள்நுழைந்த இடைமுகம் ஆகிய 7 கூறுகளும் ஒத்த பொதிகளை நெட்ஃபுளோ ஒரே ஓட்டமாகக் கணக்கிடும்.

எஸ்ஃபுளோ எல்லாப் பொதிகளையும் எண்ணுவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒன்றை மாதிரியாக எடுத்து, மொத்தத்தை மதிப்பிடும். ஒரு வகைப் போக்குவரத்துக்கு 100 மாதிரிகளே கிடைத்திருப்பின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். 10,000 மாதிரிகள் கிடைத்திருப்பின் அது 2 விழுக்காட்டுக்குக் குறையும். பெருமளவு பயன்படுத்துவோரை அறிய இம்முறை போதுமானது. ஒருமுறை மட்டும் நிகழ்ந்த சிறு தொடர்பைத் தேட இது உகந்ததன்று.

தெரிவுக்கான அளவுகோல்கள்

விடை தேட வேண்டிய கேள்வி

தெரிவின் முதற்படி கேள்விகளை எழுதுவதாகும். "இணைப்பை விரிவாக்க வேண்டுமா?" எனும் கேள்விக்கு எண்ணி வினவலே போதும். "நேற்று மாலை 5 மணிக்கு இணைப்பை நிரப்பியது எது?" எனும் கேள்விக்கு ஓட்டப் பதிவு வேண்டும். "இச்செயலி ஏன் இடையிடையே துண்டிக்கப்படுகின்றது?" எனும் கேள்விக்குப் பொதி பிடித்தல் வேண்டும். ஒரு வகைக் கேள்விக்கு மற்றொரு வகை மென்பொருளை வாங்கிவிடுவது பணத்தை வீணாக்கும். கேள்விப் பட்டியலில் அலுவலகத்தினர் மட்டுமன்றி, சரக்கு அனுப்பும் பிரிவினரும் உற்பத்திப் பிரிவினரும் இடம்பெறுதல் நன்று.

இருக்கும் கருவிகளின் ஆதரவு

ஓட்டப் பதிவை உருவாக்குவது திசைவியோ சுவிட்சோ தீச்சுவரோ ஆகும். மென்பொருள் அதைப் பெற்றுக்கொள்ள மட்டுமே செய்யும். எனவே நிறுவனத்திடம் ஏற்கனவே உள்ள கருவி எந்த முறையை, எந்தப் பதிப்பில் ஆதரிக்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும். நெட்ஃபுளோ 5 ஆம் பதிப்பு நான்காம் பதிப்பு இணைய முகவரிகளை மட்டுமே அறியும். ஆறாம் பதிப்பு முகவரிகளுக்கு நெட்ஃபுளோ 9 அல்லது ஐ.பி.ஃபிக்சு தேவை. விலை குறைந்த, மேலாண்மை வசதியற்ற சுவிட்சுகள் எதையும் அனுப்பமாட்டா. அத்தகைய இடங்களில் ஐ.பி.ஃபிக்சை ஆதரிக்கும் மைக்ரோடிக் போன்ற சிறு திசைவியையோ, போக்குவரத்தைப் படியெடுத்துத் தரும் முனை கொண்ட சுவிட்சு ஒன்றையும் லினக்சு கணினி ஒன்றையுமோ பயன்படுத்தலாம்.

எண்ணிகளின் அளவையும் கவனிக்க வேண்டும். 32 பிட்டு எண்ணி ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளுக்குப் பின் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். நொடிக்கு 100 மெகாபிட்டு இணைப்பு நிரம்பி ஓடினால் 344 நொடிகளிலும், 1 கிகாபிட்டு இணைப்பு எனில் 35 நொடிகளுக்குள்ளும் இது நிகழும். 5 நிமிடம், அதாவது 300 நொடி, இடைவெளியில் வினவும் மென்பொருள் 1 கிகாபிட்டு இணைப்பில் தவறான அளவையே காட்டும். 64 பிட்டு எண்ணிகளை ஆதரிக்கும் கருவியும் மென்பொருளும் இதற்குத் தீர்வாகும்.

அளக்கும் இடம்

தொழிலகத்தின் உட்கணினிகள் அனைத்தும் பொதுவாக ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொள்கின்றன. முகவரி மாற்றம் நிகழ்ந்த பின்னர் அளந்தால், எல்லாப் போக்குவரத்தும் ஒரே கணினியிலிருந்து வந்ததாகத் தோன்றும். எனவே தீச்சுவரின் உட்பக்கத்தில் அளத்தல் வேண்டும். அதே போன்று, ஒரே சுவிட்சுக்குள் இரு இயந்திரங்களுக்கிடையே நிகழும் பரிமாற்றம் திசைவியை எட்டாது. திசைவியில் மட்டும் அளப்பவர் அதை ஒருபோதும் காணமாட்டார். வான்னாகிரை போன்ற தீநிரல்கள் உள்வலையமைப்பில் 445 ஆம் துறை எண்ணின் வழியே பரவியதை நோக்க, இக்குறை சிறியதன்று.

நுணுக்கமும் சராசரியும்

5 நிமிடச் சராசரி குறுகிய நெரிசலை மறைத்துவிடும். 100 மெகாபிட்டு இணைப்பு 30 நொடிகள் முழுமையாக நிரம்பி, எஞ்சிய நான்கரை நிமிடங்கள் வெறுமையாக இருப்பின், வரைபடம் 10 மெகாபிட்டு என்றே காட்டும். அதே பதிவு பின்னர் ஒரு மணி நேரச் சராசரியாகச் சுருக்கப்பட்டால் 1 மெகாபிட்டுக்கும் குறைவாகத் தோன்றும். பழைய தரவை இவ்வாறு சுருக்குவது பல மென்பொருட்களின் இயல்பு. எத்தனை நாட்களுக்குச் சுருக்காத தரவு கிடைக்கும் என்பதை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

ஓட்டப் பதிவிலும் இதையொத்த சிக்கல் உண்டு. நீண்ட நேரம் தொடரும் ஓட்டத்தை, இயல்பிருப்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறையே சில திசைவிகள் அறிவிக்கும். அரைமணி நேரப் பரிமாற்றம் ஒரே கணத்தில் நிகழ்ந்தது போல் வரைபடத்தில் கூர்முனை தோன்றும். இக்கால எல்லையை 1 நிமிடமாகக் குறைத்தால் இப்பிழை நீங்கும்.

கொள்ளளவை மதிப்பிட 95 ஆம் நூற்றுமானம் பயன்படுகின்றது. 30 நாட்களில் 5 நிமிட அளவீடுகள் 8,640 கிடைக்கும். அவற்றுள் மிக உயர்ந்த 5 விழுக்காட்டை, அதாவது 432 அளவீடுகளை, நீக்கியபின் எஞ்சுவனவற்றுள் உயர்ந்தது இம்மதிப்பாகும். நீக்கப்படுபவை மொத்தம் 36 மணி நேரமாகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் மட்டும் சரக்கு அனுப்பும் வேளையில் நெரிசலுறும் தொழிலகத்துக்கு மாதத்தில் 30 மணி நேரமே நெரிசல் ஆதலால், இக்கணக்கு அந்நெரிசல் முழுவதையும் விலக்கிவிடக்கூடும். ஆகவே இத்தகைய இடங்களில் குறித்த நேர அறிக்கையே ஏற்றது.

சேமிப்பிடம்

நொடிக்கு 100 ஓட்டங்கள் உருவாகும் ஒரு நடுத்தர வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் பதிவுகள் சேரும். நெட்ஃபுளோ 5 பதிவு ஒன்று 48 பைட்டு ஆதலால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 415 மெகாபைட்டும், 180 நாட்களுக்கு 75 கிகாபைட்டும் தேவைப்படும். தரவுத்தள அட்டவணைகளுக்கான கூடுதல் இடத்தைச் சேர்த்தாலும் இதைச் சாதாரணக் கணினி ஒன்றே தாங்கும். சராசரியாக நொடிக்கு 50 மெகாபிட்டு ஓடும் இணைப்பில் பொதிகளை முழுமையாகப் பிடித்து வைத்தால் நாளொன்றுக்கு 540 கிகாபைட்டும், 180 நாட்களுக்கு 97 டெராபைட்டும் தேவைப்படும். சிறு தொழிலகம் முழுப் பொதி சேமிப்பைத் தேவையான போது மட்டும் சில நிமிடங்களுக்கு மேற்கொள்வதும், ஓட்டப் பதிவை இடையறாது வைத்திருப்பதும் பொருத்தமான பிரிவாகும். மேற்கண்ட வலையமைப்பில் ஓட்டப் பதிவுகளை அனுப்ப ஆகும் போக்குவரத்து நொடிக்கு 40 கிலோபிட்டு அளவினதே.

அறிக்கையும் எச்சரிக்கையும்

அறிக்கையைப் படிப்பவர் இருவகையினர். வலையமைப்பு நிர்வாகிக்கு முகவரி, துறை எண், நேரம் ஆகியவற்றைத் தேடிச் செல்லும் வசதி வேண்டும். மேலாளருக்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சுருக்கம் போதும். இரண்டையும் தன்னியக்கமாக மின்னஞ்சலில் அனுப்பும் வசதி பெரும்பாலான மென்பொருட்களில் உண்டு. முகவரிகளை "வார்ப்புக்கூடம்", "சரக்கு வாயில்", "கணக்குப் பிரிவு" எனப் பெயரிட்டுத் தொகுக்கும் வசதி இருப்பின் அறிக்கை எளிதில் விளங்கும். எச்சரிக்கைகள் மிகுந்தால் எவரும் அவற்றைப் படிப்பதில்லை. எனவே வரம்புகளைத் தொழிலகத்தின் இயல்பு நிலையை அறிந்த பின்னரே அமைத்தல் வேண்டும்.

உரிமமும் செலவும்

வணிக மென்பொருட்கள் இடைமுகங்களின் எண்ணிக்கை, கருவிகளின் எண்ணிக்கை, உணரிகளின் எண்ணிக்கை, நாளொன்றுக்குச் சேரும் தரவின் அளவு என வெவ்வேறு அடிப்படைகளில் விலையிடப்படுகின்றன. ஒரே வலையமைப்புக்கு இவ்வடிப்படைகள் வெவ்வேறு தொகையைத் தரும். திறந்த மூல மென்பொருளுக்கு உரிமத் தொகை இல்லை. அமைப்பதற்கும் பேணுவதற்கும் ஆகும் நேரமே அதன் விலை. அதை அமைத்தவர் வேலையை விட்டுச் சென்றபின் பேண ஆளில்லாமல் போவது சிறு நிறுவனங்களில் எதிர்பார்க்க வேண்டிய இடராகும்.

மென்பொருளின் சொந்தப் பாதுகாப்பு

கண்காணிப்பு மென்பொருள் வலையமைப்பின் எல்லாக் கருவிகளையும் அறிந்திருப்பதால் அதுவே தாக்குவோருக்கு வாயிலாகலாம். 2020 திசம்பரில் வெளியான சோலார்விண்ட்சு நிகழ்வில், ஒரியன் எனும் கண்காணிப்பு மென்பொருளின் இற்றைப்படுத்தலிலேயே தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. 18,000 வரையிலான வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றிருந்தனர். 2021 செப்டம்பரில், மேனேஜ்எஞ்சின் பிரிவின் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருள் ஒன்றிலிருந்த குறை தாக்குதல்களுக்குப் பயன்படுத்தப்படுவதாக அமெரிக்க அரசு அமைப்புகள் எச்சரித்தன. எந்த நிறுவனத்தின் மென்பொருளாயினும், இணையத்திலிருந்து நேரடியாக அணுக இயலாதபடி வைத்தல், குறைநீக்கங்களை உடனுக்குடன் இடுதல், எஸ்.என்.எம்.பி. 3 ஆம் பதிப்பைப் பயன்படுத்தல் ஆகியவை இன்றியமையாதன. முதலிரு பதிப்புகளில் அணுகு சொல் மறையீடின்றிச் செல்கின்றது.

தொழிற்சாலை வலையமைப்பின் தனித்தன்மைகள்

உற்பத்திக் கூடத்தில் இயந்திரக் கட்டுப்படுத்திகள் தமக்கெனத் தனி நெறிமுறைகளைப் பயன்படுத்துகின்றன. மோட்பசு 502, சீமென்சு எஸ்7 102, ஓ.பி.சி. யூ.ஏ. 4840, ஈத்தர்நெட்/ஐ.பி. 44818 ஆகிய துறை எண்களில் இயங்குகின்றன. 1979 ஆம் ஆண்டு வெளியான மோட்பசு நெறிமுறையில் கட்டளை இடுபவர் எவர் எனச் சரிபார்க்கும் வழி இல்லை. தெரிவு செய்யும் மென்பொருள் இவ்வெண்களை "அறியப்படாதவை" எனத் தள்ளாமல் பெயரிட்டுக் காட்ட வேண்டும்.

இயந்திரங்கள் மனிதரைப் போலன்றி ஒரே ஒழுங்கில், ஒரே இணைகளுடன் பேசுகின்றன. எனவே புதிய இணை ஒன்று தோன்றினாலே அது நோக்கத்தக்கது. கடைசல் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினி வெளிநாட்டு முகவரி ஒன்றைத் தொடர்பு கொண்டால், அது உற்பத்தியாளரின் தொலைப் பராமரிப்பாகவும் இருக்கலாம், ஊடுருவலாகவும் இருக்கலாம். ஓட்டப் பதிவு தொடர்பு நிகழ்ந்ததை மட்டும் கூறும். எதுவெனப் பராமரிப்புப் பிரிவினரே உறுதி செய்ய வேண்டும்.

பழைய இயந்திரங்கள் சிலவற்றில், 2014 ஏப்ரலில் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோசு எக்சு.பி. போன்ற இயக்குதளங்கள் இருக்கக்கூடும். அத்தகைய கருவிகளை வலிந்து வருடும் மென்பொருள் அவற்றை நிறுத்திவிடக்கூடும். ஆதலால் உற்பத்திக் கூடத்தில் கேட்டு மட்டும் அறியும் முறையே பாதுகாப்பானது.

எல்லைப் பகுதிக்குரிய சிக்கல்கள்

இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமங்கள் பெரும்பாலும் மாநில எல்லைகளை ஒட்டிய வட்டங்களாக வழங்கப்படுகின்றன. ஓசூர் தமிழ்நாட்டு வட்டத்திலும் அத்திப்பள்ளி கர்நாடக வட்டத்திலும் அடங்கும். பெங்களூருவில் தலைமை அலுவலகமும் ஓசூரில் ஆலையும் கொண்ட நிறுவனத்தின் இரு முனைகளுக்கும் வெவ்வேறு சேவை வழங்குநர் இருக்கக்கூடும். அவ்வாறாயின் 40 கிலோமீட்டரில் உள்ள வழங்கிக்குச் செல்லும் பொதி சென்னை வழியாகச் சுற்றிச் செல்லவும் கூடும்.

இதன் விளைவைக் கணக்கிடலாம். ஒளியிழையில் சமிக்ஞை நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 40 கிலோமீட்டர் சென்று திரும்ப 0.4 மில்லிநொடி ஆகும். சென்னை சென்று பெங்களூரு அடையும் வழி ஏறத்தாழ 660 கிலோமீட்டர் எனக் கொண்டால், சென்று திரும்பக் குறைந்தது 6.6 மில்லிநொடி ஆகும். மின்னஞ்சலுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. ஒரு பக்கத்தைத் திறக்க வழங்கியுடன் நூற்றுக்கணக்கான முறை வரிசையாகப் பேசும் பழைய கணக்கு மென்பொருளுக்கு இது நொடிக்கணக்கில் பெருகும். பட்டையகலத்தை இரட்டிப்பாக்கினாலும் இத்தாமதம் குறையாது. எனவே இவ்வட்டாரத்துக்குத் தெரிவு செய்யும் மென்பொருள் பயன்பாட்டு அளவோடு சுற்றுப்பயண நேரத்தையும் பொதி செல்லும் வழியையும் பதிவு செய்தல் வேண்டும். வழங்குநருடன் உரையாட இப்பதிவே சான்றாகும்.

ஆலைகள் பல, ஒன்று பழுதானால் மற்றொன்று என இரு இணைப்புகளை வைத்துக்கொள்கின்றன. இரண்டின் ஓட்டங்களையும் ஒரே அறிக்கையில் இணைத்துக் காட்டாத மென்பொருள், இணைப்பு மாறிய வேளையில் போக்குவரத்து மறைந்துவிட்டது போல் காட்டும்.

பரவலான மென்பொருட்கள்

* எம்.ஆர்.டி.ஜி., காக்டை, சாபிக்சு: எண்ணி வினவல்; திறந்த மூலம்.
* என்.எஃப்.டம்ப், என்டாப்என்ஜி: ஓட்டப் பதிவு, முன்னது கட்டளை வரியில் இயங்குவது, பின்னது உலாவியில் இயங்குவது, பின்னதற்குக் கட்டணப் பதிப்புகளும் உண்டு.
* வயர்சார்க்: பொதிப் பகுப்பாய்வு, திறந்த மூலம், கல்வி நிறுவனங்களிலும் பயன்படுகின்றது.
* சீக், சுரிக்காட்டா: போக்குவரத்திலிருந்து பாதுகாப்பு நிகழ்வுகளை அறிபவை, திறந்த மூலம். சீக் 2018 வரை புரோ என வழங்கியது.
* நெட்ஃபுளோ அனலைசர், பி.ஆர்.டி.ஜி., சோலார்விண்ட்சு: வணிக மென்பொருட்கள்.

சட்டமும் தனியுரிமையும்

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறியுறுத்தலின்படி, நிறுவனங்கள் தமது தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பேண வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை, அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களை நேர வழங்கிகளுடன் ஒத்திசைக்க வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதைச் செயற்படுத்த 2022 செப்டம்பர் 25 வரை காலநீட்டிப்பு தரப்பட்டது. கடிகார ஒத்திசைவு சிறு செய்தியாகத் தோன்றலாம். தீச்சுவரின் நேரமும் திசைவியின் நேரமும் 10 நிமிடம் வேறுபட்டால், இரு பதிவுகளையும் பொருத்தி ஒரு நிகழ்வை விளக்க இயலாது.

ஓட்டப் பதிவில் உள்ளடக்கம் இல்லையாயினும், ஒரு பணியாளர் எந்த வேளையில் எவருடன் தொடர்பு கொண்டார் என்பதை அது காட்டும். அடையாளம் காணத்தக்க இத்தகைய தரவு, 2023 ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வைக்கு உட்படக்கூடியது. அளக்கப்படுவதைப் பணியாளர்களுக்கு முன்னரே அறிவித்தல், பதிவுகளைப் பார்க்கும் உரிமையைச் சிலருக்கே அளித்தல், தேவைக்கு மேற்பட்ட காலத்துக்கு வைத்திராமை ஆகியவை நல்ல நடைமுறைகளாகும். பயனர்வாரி அணுகல் கட்டுப்பாடும், பதிவுகளைப் பார்த்தவர் எவர் எனக் குறிக்கும் வசதியும் மென்பொருளில் இருத்தல் வேண்டும்.

முன்னோட்டச் சோதனை

விளக்கக் கையேட்டை மட்டும் கொண்டு முடிவு செய்தல் போதாது. பெரும்பாலான வணிக மென்பொருட்கள் சோதனைக் காலம் தருகின்றன. அதில் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

* மாத இறுதி நாட்களையும் உள்ளடக்கிச் சில கிழமைகள் இயக்குதல். கணக்கு முடிப்பும் சரக்கு அனுப்புதலும் மிகும் காலம் அதுவே.
* அளவு தெரிந்த கோப்பு ஒன்றை, எடுத்துக்காட்டாக 1 கிகாபைட்டு, குறித்த நேரத்தில் அனுப்பி, அறிக்கையில் அளவும் நேரமும் சரியாக உள்ளனவா எனப் பார்த்தல்.
* முந்தைய கிழமையின் ஒரு நிமிடத்தைத் தெரிந்தெடுத்து, அப்போது மிகுதியாகப் பயன்படுத்திய கணினியைக் கேட்டல். மென்பொருளை அமைத்தவரல்லாத ஒருவர் இதைச் செய்து பார்த்தல் நன்று.
* பதிவுகளைப் பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடிகின்றதா எனப் பார்த்தல். பின்னர் வேறு மென்பொருளுக்கு மாற இது உதவும்.

வரம்புகள்

இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி இன்று மறையீடு செய்யப்பட்டு 443 ஆம் துறை எண்ணிலேயே செல்கின்றது. 2021 ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட குயிக் நெறிமுறை யூ.டி.பி. மீது இயங்குவதால் இப்போக்கு மேலும் மிகுந்துள்ளது. ஆகவே துறை எண்ணை மட்டும் கொண்டு செயலியை அடையாளம் காணுதல் கடினமாகியுள்ளது. பொதிகளைப் பிடித்தாலும் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது. பெயர் வழங்கியின் பதிவுகளையும் முகவரி உரிமையாளர் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டியுள்ளது.

மேலும், இம்மென்பொருள் நெரிசலைக் காட்டுமேயன்றி நீக்காது. காப்புப்படி எடுக்கும் வேலையை இரவுக்கு மாற்றுவது, சரக்குச் சீட்டுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தருவது, உற்பத்திக் கூடத்தை அலுவலகத்திலிருந்து தனி வலையமைப்பாகப் பிரிப்பது போன்ற முடிவுகளை மனிதரே எடுக்க வேண்டும். அம்முடிவு ஊகத்தின் மீதன்றிப் பதிவின் மீது எடுக்கப்படுவதே இம்மென்பொருளால் கிடைக்கும் பயனாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கணினி வலையமைப்பு
* திசைவி
* தீச்சுவர்
* திறந்த மூல மென்பொருள்
* ஓசூர்
* கிருஷ்ணகிரி மாவட்டம்